பழைய கல் வீட்டுக்குப் பழைய மரச்சாமான்: எதில் ஆரம்பிப்பது?

கேள்வி: பிரான்ஸில் பர்கண்டிப் பகுதியில், அவலோன் அருகே ஒரு கிராமத்தில் நூறு வருடத்துக்கு மேல் பழைய கல் வீடு வாங்கிப் புதுப்பித்தோம். கூரை, சுவர், ஹீட்டிங் என்று கையிருப்பு கரைந்து, சாமான் வாங்க 4,000 யூரோதான் மிச்சம். பழைய மரச்சாமான்தான் வேண்டும் என்று ஆசை. எங்கே தேடுவது, ஏமாறாமல் எப்படி வாங்குவது?

பதில்: அந்தப் பணம் போதும். பிரான்ஸில் கனமான பழைய மரச்சாமானின் விலை இருபது வருடங்களுக்கு முன்பு இருந்ததைவிட வெகுவாக இறங்கிவிட்டது. பாட்டி வீட்டு ஓக் அலமாரியைப் பேரப்பிள்ளைகள் கேட்பதில்லை. அவர்களுடைய அடுக்குமாடி வீட்டுக்குள் அது நுழையாது. உங்கள் வீட்டில் நுழையும். அதனால் எல்லோரும் போட்டி போடும் சின்ன அலங்காரப் பொருட்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யாரும் சீண்டாத பெரிய அலமாரி, பண்ணைவீட்டு நீள மேசை, இரண்டு அடுக்குப் பாத்திர அலமாரி, இவற்றை முதலில் வாங்குங்கள். அறையின் முகத்தைத் தீர்மானிப்பவை இவைதான்.

தேட நல்ல இடம், பாதிரியார் அபே பியேர் 1949-ல் தொடங்கிய எம்மாவுஸ் தொண்டு அமைப்பின் பழைய சாமான் விற்பனைக் கூடங்கள். லுபோன்குவான் (Leboncoin) என்ற விளம்பர இணையதளத்தில், வீட்டைக் காலி செய்கிறவர்கள் போடும் விளம்பரங்களைப் பாருங்கள். 'நீங்களே வந்து எடுத்துப் போக வேண்டும்' என்று இருந்தால் விலை பேச இடம் உண்டு. நல்ல ஓக் அலமாரி நூறு, இருநூறு யூரோவுக்கே கிடைக்கிறது. வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராக நடக்கும் 'வித் கிரெனியே' என்னும் பழைய சாமான் சந்தைகள் தட்டு, விளக்கு, நாற்காலிக்கு ஏற்றவை. பாரிஸை ஒட்டிய சான்-துவான் பழம்பொருள் சந்தைக்குக் கண் பழகுவதற்காகப் போய் வாருங்கள். வாங்குவதற்கு அங்கே விலை அதிகம். ஏலத்தில் எடுத்தால் ஏலத்தொகைக்கு மேல் கால் பங்கோ அதற்கும் அதிகமோ கட்டணம் சேரும். அதையும் கணக்கிட்டுவிட்டுக் கை தூக்குங்கள்.

போகுமுன் வாசல், மாடிப்படித் திருப்பம், உத்தரத்தின் அடிமட்டம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெரிய அலமாரியைப் பார்த்து மலைக்க வேண்டாம். பழைய தச்சர்கள் பலர் அதைக் கழற்றி மாட்டும்படியே செய்தார்கள். கதவைத் தூக்கி எடுத்து, மர ஆணிகளைத் தட்டினால் பலகை பலகையாகப் பிரியும். பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் எண் போடுங்கள்.

நயமான சாமானா என்று பார்க்க முன்பக்கம் உதவாது. இழுப்பறையை வெளியே இழுத்துத் திருப்புங்கள், பின்பலகையைத் தடவுங்கள். கையால் செய்ததென்றால் பின்பலகை கரடுமுரடாக இருக்கும், இழைப்புளி ஓடிய தடம் விரலுக்குத் தெரியும். இழுப்பறை மூலைகளின் இணைப்பு ஒன்றுபோல் இருக்காது. எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தால் அது இயந்திரத்தில் செய்தது. வாங்கக் கூடாது என்பதில்லை, அதற்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

மரத்தைத் துளைக்கும் உளுப் புழு விஷயத்தில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓட்டைகள் பழையதாகி, உள்ளே அழுக்கேறி இருந்தால் பயமில்லை. சாமானை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்துத் தட்டிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் புதுத் தூள் கொட்டினால் புழு உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. அது உங்கள் உத்தரத்துக்கும் தரைப்பலகைக்கும் பரவலாம். மருந்து வைத்து முடிக்கும்வரை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கட்டில் வாங்குவதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பழைய பிரெஞ்சுக் கட்டில்களில் நிறைய 120 அல்லது 130 சென்டிமீட்டர் அகலம்தான். இன்றைய மெத்தையோ 140-க்கு 190 அல்லது 160-க்கு 200. அளவெடுத்து மெத்தை தைக்கக் கொடுத்தால் கட்டிலில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். மெத்தையைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய மெத்தை, பழைய சோபா வழியாக மூட்டைப்பூச்சி வரும் ஆபத்து உண்மையானது.

ஹீட்டிங் புதிது என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர்ந்த வீட்டில் நூறு வருடம் நின்ற மரம் ரேடியேட்டர் பக்கத்தில் ஒரே குளிர்காலத்தில் வெடித்துப் பிளக்கலாம். தள்ளி வையுங்கள். வெளிச்சுவரிலிருந்தும் நாலு விரற்கடை இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

எல்லாமே ஓக்காக இருந்தால் அறை இருண்டுவிடும். 1950, 60-களின் ஃபார்மைக்கா மேசையோ, உங்கள் பகுதியிலேயே ஓத்தான் நகரில் பிறந்த தோலிக்ஸ் இரும்பு நாற்காலியோ நடுவே வந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். பழைய விளக்கு வாங்கினால் ஒயரை மாற்றிய பிறகே சொருகுங்கள். பெயின்ட் அடித்த பழைய சாமானை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, அதில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் அறைக்கு அப்படிப்பட்டதைத் தவிர்த்து, மெழுகு மட்டும் பூசிய மரமாகப் பார்த்து வாங்குங்கள்.