நடுக்கள ஆட்டக்காரியின் தொழில்வாழ்க்கை: கேள்வி பதில்

பெண்கள் கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரராகத் தொழில்முறையில் நிலைத்து நிற்பது பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு, அந்த இடத்தில் பல ஆண்டுகள் ஆடிவிட்டு இப்போது இளம்பெண்களுக்குப் பயிற்சி அளித்துவரும் நான் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வேகமாக ஓடுவாள், கோலும் அடிப்பாள். பயிற்சியாளர் அவளை முன்களத்திலிருந்து நடுக்களத்துக்கு மாற்றிவிட்டார். இதனால் அவள் பின்தங்கிவிட மாட்டாளா?

பதில்: மாட்டாள். ஒரு சிறுமியை நடுக்களத்தில் நிறுத்தும் பயிற்சியாளர் பெரும்பாலும் அவளிடம் ஏதோ ஒன்றைக் கண்டிருப்பார். ஓரத்தில் ஆடுபவருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு காவலாக இருக்கிறது. நடுக்களத்தில் நிற்பவரை நோக்கி நான்கு திசைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்த நெரிசலில் பந்தை வாங்கி, திரும்பி, சரியான ஆளிடம் சேர்க்கக் கற்றுக்கொண்டவள் பின்னாளில் வேறு எந்த இடத்துக்கும் மாறிக்கொள்ளலாம். பந்தைத் தொடாமல் நிற்கும் இடமாக மட்டும் அது ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நடுக்களத்தில் 6, 8, 10 என்று எண்களைச் சொல்கிறார்களே, அவற்றுக்கு என்ன வேறுபாடு?

பதில்: இவை சட்டை எண்களிலிருந்து பிறந்த பெயர்கள். 6 என்பவர் தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை உடைத்து, ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர். 8 என்பவர் இரு பெனால்ட்டிப் பகுதிகளுக்கும் இடையே ஓயாமல் ஓடுபவர். 10 என்பவர் முன்களத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று கோல் வாய்ப்புகளை உருவாக்குபவர்.

இவர்களில் பார்வையாளர் கண்ணில் குறைவாகப் படுபவர் 6. ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான 2022 யூரோ கோப்பை இறுதிப் போட்டியில் வெம்ப்ளி மைதானத்தில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்து அடித்த முதல் கோலை நினைத்துப் பாருங்கள். 62-ஆம் நிமிடத்தில் எல்லா டூன் தனியாக ஓடிச் சென்று, முன்னேறி வந்த கோல்கீப்பரின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் டூன் ஓடப்போகும் வெற்றிடத்தை முன்கூட்டியே கண்டு, ஜெர்மனியின் தற்காப்பு முழுவதையும் ஒரே நீண்ட பாஸில் கடக்க வைத்தவர் 6-ஆக ஆடிய கீரா வால்ஷ். சில வாரங்களில் ஸ்பெயினின் பார்சிலோனா சங்கம், ஓர் ஆட்டக்காரரை வாங்க அவருடைய பழைய சங்கத்துக்குக் கொடுக்கும் பரிமாற்றத் தொகையில் அன்றைக்குப் பெண்கள் கால்பந்தில் மிக உயர்ந்ததைக் கொடுத்து அவரை வாங்கியது. கோல் கணக்கில் பெயர் வராத ஓர் ஆட்டக்காரருக்குக் கிடைத்த அந்த விலையைத்தான் என் மாணவிகளிடம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன்.

கேள்வி: என் உயரம் 1.58 மீட்டர். உயரம் போதாது என்று இரண்டு தேர்வு முகாம்களில் ஒதுக்கிவிட்டார்கள். தொடர்வதில் பொருள் உண்டா?

பதில்: கட்டாயம் தொடருங்கள். 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது பெற்ற ஸ்பெயின் நடுக்கள ஆட்டக்காரர் ஐத்தானா பொன்மத்தி உங்களைவிடச் சில சென்டிமீட்டரே உயர்ந்தவர். அவர் ஆடும்போது பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் சில நிமிடங்கள் கவனியுங்கள். பந்து வேறு யாரிடமோ இருக்கும் நேரத்திலேயே வலத்தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, இடத்தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, மீண்டும் பந்தின்மீது ஒரு பார்வை. பந்து அவர் காலுக்கு வரும்போது எவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்பினால் இடம் கிடைக்கும் என்பது முடிவாகிவிட்டிருக்கும். அதனால்தான் உடல் வலிமை மிகுந்தவர்கள் அவரை மோதுவதற்குள் அவர் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறார். இது பழக்கத்தால் வருவது. சுவரில் பந்தை அடித்துத் திரும்ப வாங்கும் எளிய பயிற்சியிலும், பந்து திரும்பி வருவதற்குள் ஒருமுறை பின்னால் பார்த்துவிட வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால் சில மாதங்களில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பையன்களோடு சேர்ந்து ஆடுவது நல்லதா?

பதில்: அணியும் பயிற்சியாளரும் மதிப்போடு நடத்தினால் நல்லதே. பொன்மத்தியும் சிறுவயதில் பையன்களின் அணிகளில் ஆடியவர்தான்.

கேள்வி: நடுக்கள ஆட்டக்காரர் கோல் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா?

பதில்: இடத்தைப் பொறுத்தது என்றாலும், தெரிந்திருந்தால் அணிக்குக் கூடுதல் பலம். 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜப்பான் அமெரிக்காவிடம் 1–2 எனப் பின்தங்கியிருந்தது. கூடுதல் நேரத்தில் மூன்று நிமிடங்களே மீதம். அயா மியாமா அடித்த கார்னரை நோக்கி அருகிலுள்ள கம்பத்துக்கு ஓடிவந்த ஹோமாரே சாவா, வலது காலின் வெளிப்பக்கத்தால் பந்தை ஒரு தட்டுத் தட்டி வலைக்குள் அனுப்பினார். பிறகு பெனால்ட்டி முறையில் ஜப்பான் வென்றது. அந்தத் தொடரில் ஐந்து கோல்களுடன் அதிகக் கோல் அடித்தவருக்கான விருதையும் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்ற சாவா, ஒரு நடுக்கள ஆட்டக்காரர்.

கேள்வி: எனக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வலி இல்லை. அணி என்னை அழைக்கிறது. ஆடலாமா?

பதில்: தயவுசெய்து ஆட வேண்டாம். இதே தவறை நான் செய்திருக்கிறேன். வலி இல்லாததையே குணம் என்று எண்ணி அவசரமாகக் களமிறங்கி, மறுபடியும் அதே முழங்காலைக் கிழித்துக்கொண்டு, ஆடக்கூடிய நல்ல வயதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை இழந்தேன். ஏசிஎல் எனப்படும் அந்த ஜவ்வுக்கு மாற்றாக வைத்த திசு முழு வலிமை பெறுவதற்கு வெகுமுன்னரே வலி நின்றுவிடுகிறது. ஒன்பது மாதங்களுக்கு முன் திரும்புவோருக்கு மீண்டும் கிழியும் ஆபத்து பெரிதும் கூடுகிறது. காலத்தை மட்டும் எண்ணாமல், இரு கால்களின் வலிமையும் ஒற்றைக்காலில் தாவும் தூரமும் ஏறக்குறைய சமமாகிவிட்டனவா என்று அளந்து பார்த்த பின்னரே மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் அனுமதிக்க வேண்டும்.

ஸ்பெயின் நடுக்கள ஆட்டக்காரர் அலெக்ஸியா புதெயாஸ் 2022 யூரோ தொடங்குவதற்கு முந்தைய நாள் பயிற்சியில் இதே காயத்துக்கு ஆளானார். உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்று கொண்டாடப்பட்ட அவரே சுமார் பத்து மாதங்கள் காத்திருந்துதான் திரும்பினார். அடுத்த ஆண்டு ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்ற இறுதிப் போட்டியில் கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக மட்டுமே இறங்கினார். பழைய நிலைக்கு வர மேலும் நாள் பிடித்தது. ஆனால் ஐரோப்பியச் சங்கங்களுக்கான 2024 சாம்பியன்ஸ் லீக் இறுதியில், பார்சிலோனாவுக்காக ஆடி, பிரான்சின் லியோன் சங்கத்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கோல் அடித்துச் சட்டையைக் கழற்றிக் கொண்டாடியவரும் அவர்தான்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்படுகிறது. யாரும் மோதாமலே, திடீரெனத் திரும்பும்போதோ தாவி இறங்கும்போதோ முழங்கால் உட்பக்கமாக மடங்கிக் கிழிவதே மிகுதி. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் 11 பிளஸ் என்ற இருபது நிமிட உடல் தயார்ப்படுத்தும் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் குறைவு. அதைத் தவிர்க்கும் அணியில் உங்கள் மகளைச் சேர்க்கும் முன் காரணம் கேளுங்கள் என்று எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன்.

கேள்வி: இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

பதில்: உயர்மட்டச் சங்கங்களில் முடியும், அதற்குக் கீழே பலர் படிப்பையோ வேலையையோ விடாமல் ஆடுகிறார்கள். 2025 ஜனவரியில் ஒரு பெண்ணுக்கான பரிமாற்றத் தொகை முதன்முறையாகப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது உண்மைதான். ஆனால் அந்தத் தொகை போவது சங்கத்துக்கு. ஆட்டக்காரரின் சம்பளம் தனி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் காயமடைந்தால் சம்பளம் தொடருமா, மருத்துவச் செலவு யாருடையது, ஒப்பந்தம் எந்த மாதத்தில் முடிகிறது என்ற மூன்றையும் எழுத்தில் பாருங்கள். லீக் ஆட்டங்கள் முடியும் மாதத்தோடு சம்பளமும் நின்றுவிடும் ஒப்பந்தங்கள் உண்டு.

கேள்வி: குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். அத்தோடு தொழில் முடிந்துவிடுமா?

பதில்: முடிய வேண்டியதில்லை, இன்று விதியும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஃபிஃபா விதிப்படி, குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் 8 வாரங்கள் பிரசவத்துக்குப் பின்னர் அமைய வேண்டும். சம்பளத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு தரப்பட வேண்டும். ஐஸ்லாந்து நடுக்கள ஆட்டக்காரர் சாரா பியோர்க் குன்னார்ஸ்தோத்திர் கர்ப்ப காலத்தில் தமக்கு வராத சம்பளத்துக்காக லியோன் சங்கத்தின்மீது ஃபிஃபா தீர்ப்பாயத்தில் முறையிட்டு, 82,000 யூரோவுக்கு மேல் பெற்றார். அதன்பின் இத்தாலியின் யுவென்டஸ் சங்கத்துக்குச் சென்று ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கமான ஃபிஃப்ப்ரோவின் துணையோடு அவர் வாங்கித் தந்த அந்தத் தீர்ப்பு இன்று ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் பயன்படுகிறது என்பதை நன்றியோடு சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு முப்பத்தொன்று. 8-ஆம் இடத்தில் ஆடுகிறேன். முன்போல் ஓட முடியவில்லை. ஓய்வு பெறுவதா, 6-க்கு இறங்குவதா?

பதில்: முதலில் இறங்கிப் பாருங்கள். 1991 உலகக் கோப்பையில் முன்கள ஆட்டக்காரராகப் பத்துக் கோல்கள் அடித்த மிஷெல் ஏக்கர்ஸ், நாள்பட்ட சோர்வு நோய் உடலை வாட்டியபோது பின்னால் இறங்கி, 1999 உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியின் நடுக்களத்தைக் காத்தார். பிரேசிலின் ஃபோர்மிகா 1995 முதல் 2019 வரை ஏழு உலகக் கோப்பைகளிலும், 1996 முதல் ஏழு ஒலிம்பிக் போட்டிகளிலும் ஆடினார். கடைசி உலகக் கோப்பையில் அவருக்கு வயது 41. அவர் பிறந்த ஆண்டில் பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடுவது சட்டப்படியே தடைசெய்யப்பட்டிருந்தது.

புதிய இடத்தில் முதல் சில ஆட்டங்களில், பழைய பழக்கத்தால் உங்கள் கால்கள் தாமாகவே பந்தின் பின்னால் முன்னோக்கி ஓடும். நீங்கள் விட்டுப்போகும் அந்த இடத்தில்தான் எதிரணி பந்தை வாங்கும். பின்னால் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரரிடம், நீங்கள் முன்னேறும் ஒவ்வொரு முறையும் உங்கள் பெயரை உரக்கக் கூப்பிடச் சொல்லிவைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு இறங்குங்கள்.