ரோமில் செக்வே சுற்றுலா: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

ரோம் நகரின் பழைய பகுதியை வழிகாட்டியோடு இரண்டு, மூன்று மணி நேரம் செக்வேயில், அதாவது நின்றபடியே ஓட்டுகிற இரண்டு சக்கர மின்வண்டியில், சுற்றிப் பார்ப்பது பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். நான் இங்கேதான் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற உறவுகளையும் நண்பர்களையும் இந்தச் சுற்றுக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த முதல் நாள் காலையில், குன்றுகளும் மைதானங்களும் உள்ள தெற்குப் பக்கமாக ஒரு சின்னச் சுற்று எடுங்கள். ஊரின் அமைப்பு மனதில் பதிந்துவிடும். மீதி நாள்களில் நிதானமாக நடந்து பாருங்கள்.

சென்னையிலிருந்து: அக்கா, எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. செக்வேயில் நிற்க வருமா?

வரும். சைக்கிளில் விழாமல் இருப்பது நம் வேலை, செக்வேயில் அது வண்டியின் வேலை. நிற்கும் பலகைக்கு அடியில் சாய்வை உணரும் ஐந்து ஜைரோ சென்சார்கள் இருக்கின்றன. உங்கள் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நொடிக்கு 100 முறை பார்த்து, சாய்கிற பக்கமாகவே சக்கரத்தை நகர்த்தி உங்களைத் தாங்கிப் பிடிக்கும். ஆக்சிலரேட்டர் கிடையாது, பிரேக்கும் கிடையாது. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும், கைப்பிடியை இடமோ வலமோ சாய்த்தால் திரும்பும்.

முதல் ஐந்து நிமிடம் எல்லோருக்கும் வண்டி முன்னும் பின்னும் ஆடும். பயத்தில் நாம் விறைத்துப்போய்க் காலையே பார்த்துக்கொண்டு நிற்பதால் வருகிற ஆட்டம் அது. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, தூரத்தில் ஒரு மரத்தையோ கட்டிடத்தையோ பாருங்கள், தானாக அடங்கிவிடும். நிறுத்துவதற்குக் கைப்பிடியை இழுக்காதீர்கள். நாற்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரி இடுப்பைப் பின்னால் கொண்டுபோனால் போதும்.

கிளம்பும் முன் பயிற்சி கொடுப்பார்கள். அப்போது வண்டியைத் தொடக்கநிலையில் வைத்திருப்பார்கள், மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகாது. தயக்கம் இருந்தால் சுற்று முழுவதும் அதிலேயே வைத்துக்கொள்ளக் கேளுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

பெங்களூரிலிருந்து: யூடியூபில் செக்வேயிலிருந்து விழுகிற வீடியோக்களாகப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறேன். எங்கே விழுகிறார்கள்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். நேர் சாலையில் ஓடும்போது விழுகிறவர்கள் குறைவு. மூன்று இடங்களில் கவனமாக இருங்கள்.

முதலாவது, நடைபாதை விளிம்பு. இரண்டு சக்கரங்களில் ஒன்று மட்டும் எதிலாவது தட்டினால் வண்டி அந்தப் பக்கம் சுழன்றுவிடும். 2015-ல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் உசைன் போல்ட் 200 மீட்டர் ஓட்டத்தை வென்று வலம் வந்தபோது, செக்வேயில் பின்தொடர்ந்த கேமராக்காரர் அவர் காலிலேயே வந்து விழுந்தாரே, அதுவும் இப்படித்தான். சக்கரம் ஓரத்துக் கம்பித் தடத்தில் ஏறிவிட்டது. சக்கரம் உங்கள் தோளைவிட வெளியே நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். கம்பம், குப்பைத்தொட்டி, பக்கத்து வண்டி எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் விடுங்கள்.

இரண்டாவது, ஏறி இறங்கும் நேரம். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு கால், உடனே மறு கால். ஒரு காலைப் பலகையில் வைத்துக்கொண்டு யோசித்து நின்றால் வண்டி நகரத் தொடங்கும். இறங்கும்போது பின்பக்கமாக, ஒவ்வொரு காலாக இறங்குங்கள், கைப்பிடியை விட்டுவிடாதீர்கள். விட்டால் வண்டி தன்பாட்டில் உருண்டுபோய் யார் மீதாவது இடிக்கும்.

மூன்றாவது, வேகம். உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். அதை நெருங்கும்போது கைப்பிடி உங்களைப் பின்னால் தள்ளும். அது வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. அதை எதிர்த்து இன்னும் முன்னால் சாய்கிறவர்கள்தான் மோசமாக விழுகிறார்கள்.

திருச்சியிலிருந்து: என் பையனுக்கு 12 வயது, 36 கிலோ. என் எடை 104 கிலோ. இரண்டு பேரும் போகலாமா?

நீங்கள் போகலாம், தம்பியை ஏற்ற வேண்டாம். இந்த வண்டிக்கு ஓட்டுபவர் எடை 45 கிலோவிலிருந்து 118 கிலோவரை இருக்க வேண்டும். மேல் வரம்பு எல்லோருக்கும் புரிகிறது, கீழ் வரம்பைச் சிலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். எடை குறைந்தவர் பின்னால் சாய்ந்தாலும் அந்தப் பாரம் போதாமல் இறக்கத்தில் வண்டி நிற்காமல் போகும். இந்தச் சுற்றிலோ இறக்கம் நிறைய. சிறுவனுக்கும் சேர்த்து முன்பதிவு வாங்கிக்கொள்கிற இடம் இருந்தால், அந்த இடத்தையே தவிர்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம்.

மதுரையிலிருந்து: அம்மா, எனக்கு 69 வயது. முழங்கால் வலி உண்டு. நடக்காமல் பார்க்கலாம் என்று மகன் சொல்கிறான்.

ஐயா, நடக்க வேண்டாம் என்பது உண்மை. ஆனால் இரண்டு மணி நேரம் முழங்காலைத் தளர்த்தியபடியே நின்றாக வேண்டும். பாதமும் ஆடுசதையும் வலிக்கும், இடையிடையே ஏறி இறங்கவும் வேண்டும். உங்களுக்கு இது வேண்டாம். இதே வழியில் கோல்ஃப் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள், அதை எடுக்கச் சொல்லுங்கள். மகன் செக்வேயில் வரட்டும்.

சூரிச்சிலிருந்து: அக்கா, நாங்கள் ரெண்டு நாளுக்குத்தான் வாறம். எந்தப் பாதை நல்லம்? ட்ரெவி நீரூற்று, பாந்தியன் எல்லாம் அதிலயே பாக்கலாமோ?

ட்ரெவியையும் பாந்தியனையும் செக்வேயில் பார்க்கப் போகாதீர்கள். சந்துகள் ஒடுக்கம், எந்த நேரமும் கூட்டம். நீங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், கட்டிடத்தைப் பார்க்க மாட்டீர்கள். பாந்தியனிலிருந்து ட்ரெவி நடந்தால் பத்து நிமிடத் தூரம்தான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நடந்து போங்கள்.

செக்வேக்கு ஏற்றது தெற்குப் பக்கம். வியா தேயி ஃபோரி இம்பெரியாலி என்கிற அகலச் சாலையில் தொடங்குங்கள். முசோலினி காலத்தில், 1932-ல் திறந்த சாலை. பழைய ரோமின் பொதுச் சதுக்கங்களான ஃபோரங்களின் மேலேயே போட்டார்கள் என்பதால் இரண்டு பக்கமும் இடிபாடுகள் கீழே தெரியும். ஒரு முனையில் கொலோசியம். மறுமுனையில் பியாட்சா வெனேசியா, அங்கே மெட்ரோ வேலை நடப்பதால் நெரிசல் உண்டு, வழிகாட்டியின் பின்னாலேயே போங்கள். அங்கிருந்து கேம்பிடோலியோ குன்று. மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்தைப் பார்த்துவிட்டு, மேயர் மாளிகையின் பின்பக்கம் வந்தால் ரோமன் ஃபோரம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். டிக்கெட் இல்லாமல் கிடைக்கிற மிகச் சிறந்த காட்சி அதுதான் என்பேன்.

அப்புறம் சர்க்கஸ் மாக்சிமஸ், பழைய ரோமின் தேர்ப் பந்தய மைதானம். இன்றைக்குப் பார்த்தால் 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு புல்வெளிப் பள்ளம், அவ்வளவுதான். நடந்து வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு "இங்கே என்ன இருக்கிறது" என்று திரும்பிவிடுவார்கள். செக்வேயில் அதன் நீளத்துக்கும் ஓரமாக ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு தேர்ப் பந்தயத்துக்கு ஏழு சுற்று. அந்தத் தூரம் எவ்வளவு, முனையில் திரும்புவது எவ்வளவு ஆபத்து என்பது அப்போதுதான் உறைக்கும். இந்த ஓரிடத்துக்காகவே செக்வே எடுக்கலாம்.

கடைசியாக அவென்டைன் குன்று. ஏற்றம் கடுமை, கோடையில் நடந்து ஏறினால் மூச்சு வாங்கும், வண்டி சிரமமில்லாமல் ஏறும். போகிற வழியில் நகராட்சி ரோஜாத் தோட்டம். அது முன்பு யூதர்களின் இடுகாடாக இருந்த நிலம். அந்த நினைவுக்காக, மேலிருந்து பார்த்தால் யூதர்களின் ஏழு கிளை விளக்கு தெரிகிற மாதிரி நடைபாதைகளை அமைத்திருக்கிறார்கள். மே மாதம் வந்தால் பூத்துக் குலுங்கும். மேலே ஆரஞ்சுத் தோட்டம், அங்கிருந்து டைபர் நதியும் புனித பேதுரு கோயிலின் குவிமாடமும் தெரியும். அதை அடுத்து 5-ஆம் நூற்றாண்டின் சாந்தா சபீனா தேவாலயம். இன்னும் சில அடி போனால் மால்டா வீரர் அமைப்பு என்கிற கத்தோலிக்க அமைப்பின் பச்சைக் கதவு. அதன் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தால், செடிகளை வெட்டி அமைத்த நீண்ட பாதையின் முடிவில் அதே குவிமாடம் துவாரத்துக்குள் அளவாகப் பொருந்தி நிற்கும். அந்தக் கதவு இருக்கும் சதுக்கம் பிரனேசி என்ற கலைஞர் 1765-ல் வடிவமைத்தது. வரிசை இருக்கும், காலையில் சீக்கிரம் போனால் குறைவு.

கரூரிலிருந்து, ஓர் ஆசிரியர்: எங்கள் அமராவதி ஆற்றுப் படுகையில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அந்த வணிகத்தின் மறுமுனையை ரோமில் பார்க்க முடியுமா?

பார்க்கலாம் சார், இந்தச் சுற்றின் வழியிலேயே இருக்கிறது! ஃபோரி இம்பெரியாலி சாலையில் கொலோசியத்தை நெருங்கும்போது வலது பக்கம் மூன்று பிரம்மாண்டமான வளைவுகள் தெரியும். அது மக்சென்டியஸ் பசிலிக்கா என்கிற பெரிய பொதுமண்டபம், 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதற்கும் முன்னால் அதே இடத்தில் பேரரசர் டொமிஷியன் கட்டிய கிடங்கு இருந்தது. அதற்குப் பெயரே மிளகுக் கிடங்கு. சேர நாட்டு முசிறியில் பொன்னைக் கொடுத்து யவனர் ஏற்றிப்போன மிளகு எகிப்து வழியாக வந்து விலைபோன இடங்களில் இது முக்கியமானது. பெரும்பாலான வழிகாட்டிகள் இந்த வளைவுகளைத் தாண்டி நேரே கொலோசியத்துக்குப் போய்விடுவார்கள். நீங்களே முன்கூட்டிச் சொல்லி இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் காசுகளைப் பற்றி வழிகாட்டியிடமும் சொல்லுங்கள் சார், அவர்களில் பலருக்கு இந்த முனை தெரியாது.

கோவையிலிருந்து: புடவையில் ஏறலாமா அக்கா?

வேண்டாம். முந்தானையும் கொசுவமும் சக்கரப் பக்கம் பறக்கும். சுடிதார் போடுங்கள், துப்பட்டாவை விடுதியிலேயே வையுங்கள். செருப்பு கூடாது, பின்பக்கம் மூடிய ஷூ வேண்டும்.

மஸ்கட்டிலிருந்து: செக்வே கம்பெனியே மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பழைய வண்டிகளை நம்பலாமா?

கம்பெனி மூடவில்லை, இந்த இரண்டு சக்கர வண்டி தயாரிப்பை 2020 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் தானாகச் சமநிலை காக்கும் சக்கர நாற்காலி ஒன்றை உருவாக்கினார். அந்த நுட்பத்திலிருந்து பிறந்ததுதான் செக்வே, 2001 டிசம்பரில் வெளிவந்தது. 2015-ல் சீனாவின் நைன்பாட் நிறுவனம் அதை வாங்கியது. ஆகவே சுற்றுலாவில் அசல் செக்வே கொடுத்தால் அது சில வருடமாவது ஓடிய வண்டிதான். பழையது என்பதற்காகவே பயப்பட வேண்டாம், பராமரிப்பைப் பாருங்கள். டயரை விரலால் அழுத்திப் பாருங்கள், இரண்டும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். கைப்பிடியை நடுவில் விட்டால் வண்டி நேராக நிற்க வேண்டும், ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். பேட்டரி அளவைப் புறப்படும் முன் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டுகிற இடம் நல்ல இடம்.

தஞ்சாவூரிலிருந்து: நல்ல வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இத்தாலியில் சுற்றுலா வழிகாட்டித் தொழிலுக்கு உரிமம் உண்டு. செக்வே சுற்றில் சிலர் வழிகாட்டியை அனுப்புவார்கள், சிலர் வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆளை மட்டும் அனுப்பிவிட்டுக் காதில் ஒலிப்பதிவை ஓட்டிவிடுவார்கள். பதிவு செய்யும்போதே "உரிமம் பெற்ற வழிகாட்டி கூட வருகிறாரா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வண்டி" என்று எழுதிக் கேளுங்கள். ஆறு, ஏழு வண்டிக்கு மேல் போனால் கடைசியில் வருகிறவருக்கு வரலாறும் கேட்காது, பாதுகாப்பும் குறைவு. விலை சற்றுக் கூடினாலும் சின்னக் குழுவையே எடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து: இப்படிக் கூட்டமாக வண்டியில் போவது உள்ளூர்க்காரர்களுக்குத் தொந்தரவு இல்லையா?

தொந்தரவுதான், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பிராக் நகரம் 2016-ல் பழைய மையப்பகுதியில் செக்வேயைத் தடை செய்ததற்கு இந்த எரிச்சலே காரணம். இங்கே வாழ்கிறவளாகக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரே வரிசையில் போங்கள், நடைபாதையில் யாராவது எதிரே வந்தால் நீங்கள் நில்லுங்கள், தேவாலய வாசலில் வண்டியைக் குறுக்கே விடாதீர்கள். முதியவர் ஒருவர் கைத்தடியோடு வருகிறார் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் குறைந்துபோக மாட்டோம்.

துபாயிலிருந்து: மழை வந்தால்? காப்பீடு?

மழையில் நான் போக மாட்டேன். ரோமின் பழைய தெருக்களில் பாவியிருப்பது சாம்பியத்ரீனி என்கிற கருங்கல் துண்டுகள். காய்ந்திருந்தால் பாதம் அதிரும், அவ்வளவுதான். நனைந்தால் வழுக்கும். மழைக்குத் தேதி மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் மோட்டார் வண்டி ஓட்டுவதும் சாகச விளையாட்டும் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும்.

சேலத்திலிருந்து: ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு வசதி. பரவாயில்லையா?

ஞாயிறுகளில் ஃபோரி இம்பெரியாலி சாலையில் வாகனங்களை விடமாட்டார்கள், அது நல்லது. ஆனால் அந்த அகலம் முழுவதும் மக்கள் நடப்பார்கள், பாட்டுக்காரர்கள் நிற்பார்கள். காலை ஒன்பது மணிக்குள் கிளம்பினால் சமாளிக்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வேண்டாம். அன்று கொலோசியத்துக்கு இலவச அனுமதி என்பதால் அந்தப் பக்கமே வண்டியைத் திருப்ப முடியாது.