ஃப்ரெடோவாக நடித்தவர்

அன்புள்ள ஐயா,

மாஃபியா குடும்பம் ஒன்றின் கதையான காட்ஃபாதர் படங்களை மீண்டும் பார்த்தேன். அந்தக் குடும்பத்தின் மகன்களில் ஒருவனான ஃப்ரெடோவாக வரும் ஜான் கஸேல் மொத்தமே ஐந்து முழுநீளப் படங்களில்தான் நடித்தாராம். ஐந்துமே சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவை. பெரிய இயக்குநர்கள் வாய்த்தது அவருடைய அதிர்ஷ்டம் என்றுதான் தோன்றுகிறது. கோழை, அசடு என ஒரே மாதிரி வேடங்கள்தானே அவருக்குக் கிடைத்தன?

எம்., தஞ்சாவூர்

அன்புள்ள எம்.,

அதிர்ஷ்டம் என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 1972இல் முதல் காட்ஃபாதர் வெளிவந்தபோது கஸேலுக்கு 36 வயது. அதுவரை அவர் நாடக நடிகர். பிழைப்புக்காக ஓர் எண்ணெய் நிறுவனத்தில் தபால் கொண்டுபோய்க் கொடுத்த நாட்களும் உண்டு. காட்ஃபாதரில் ஃப்ரெடோவின் தம்பி மைக்கேலாக வரும் அல் பசினோவை அவர் அறிந்தது அங்கேதான். 1968இல் நாடகாசிரியர் இஸ்ரேல் ஹோரோவிட்ஸின் நாடகம் ஒன்றில் நடித்ததற்காக இருவருக்கும், நியூயார்க்கின் சிறு அரங்க நாடகங்களுக்குத் தரப்படும் ஓபி விருது கிடைத்தது. ஹோரோவிட்ஸின் வேறொரு நாடகத்தில் அவரைப் பார்த்த பிறகே ஃப்ரெடோ வேடம் தேடிவந்தது.

இரண்டாம் பாகத்தில், தன்னைத் தாண்டிக் குடும்பத் தலைவனாகிவிட்ட தம்பியிடம் ஃப்ரெடோ வெடிக்கும் காட்சியை நினைத்துப்பாருங்கள். வெளியே பனி. அவன் சாய்வு நாற்காலியில் கிடக்கிறான். தானும் புத்திசாலிதான் என்று கத்துகிறான், கைகள் காற்றில் அலைகின்றன, உடம்போ நாற்காலியை விட்டு எழ மறுக்கிறது. வேறொரு நடிகர் எழுந்து நின்று கர்ஜித்திருப்பார். தம்பி நிற்க, மூத்தவன் மல்லாந்து கிடந்தபடி மரியாதை கேட்கும் அந்த அவமானம் வசனத்தில் மட்டும் இல்லை, அவருடைய முதுகிலும் தோளிலும் இருக்கிறது. நம்மிடம் அவர் இரக்கம் கோரவே இல்லை என்பதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது.

நிஜமாக நடந்த வங்கிக் கொள்ளை ஒன்றைக் கதையாக்கிய 'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்தில் அவர் நடித்த கொள்ளையன் சால் வேறு ஆள். அதிகம் பேசாதவன், எப்போது சுடுவான் என்று தெரியாது. நிஜச் சம்பவத்தின் கொள்ளையன் 18 வயதுப் பையன் என்பதால் கஸேலுக்கு அந்த வேடம் தர இயக்குநர் சிட்னி லூமெட் முதலில் தயங்கினார். வற்புறுத்தியவர் பசினோ, கஸேல் வசனம் படித்துக்காட்டியதும் தயக்கம் போய்விட்டது. எந்த நாட்டுக்குத் தப்பிப் போகலாம் என்று கூட்டாளி கேட்டால் சால், "வயோமிங்" என்கிறான். அது அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் மாநிலம். அந்தப் பதில் திரைக்கதையில் கிடையாது, படப்பிடிப்பில் கஸேலே சொன்னது. சிரிப்பு மூட்டும் வரிதான். ஆனால் சொல்லும் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. வேறு ஊர் எதையும் அறியாத ஒருவனின் பயம்தான் தெரிகிறது.

மேடைக்கும் அவர் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தார். 1976இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'மெஷர் ஃபார் மெஷர்'. அதில் அவர் ஏஞ்சலோ: அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை மிரட்டும் கடுமையான நீதிமான். ஃப்ரெடோவுக்கு நேர் எதிர். அந்தப் பெண்ணாக நடித்தவர் மெரில் ஸ்ட்ரீப். அவர்கள் காதல் தொடங்கியது அந்த நாடகத்தில்தான்.

அவருடைய கடைசிப் படமான 'தி டீர் ஹன்டர்' எடுக்கும்போதே கஸேலுக்கு நுரையீரல் புற்றுநோய். அவர் வரும் காட்சிகளை முதலில் எடுத்து முடித்தார்கள். 1978 மார்ச்சில், 42 வயதில் இறந்தார். படம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் வெளிவந்தது. நடிப்புக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்கு ஒருமுறைகூட வரவில்லை.

அடுத்த முறை அந்தப் படங்களைப் பார்க்கும்போது, மற்றவர்கள் பேசும் நேரத்தில் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.