மறு: ஓபன்ஸ்டாக்ஸ் பாடமும் எம்ஐடி கணக்கும் ஒரே நோட்ஸில் சேர்க்கலாமா?

மேடம், ஓபன்ஸ்டாக்ஸ் பாடநூல், எம்ஐடியின் பயிற்சிக் கணக்குகள், ரெண்டும் இணையத்தில் இலவசம்தானே என்று ஒன்றாக அச்சடித்து மல்லேஸ்வரம் ஜெராக்ஸ் கடையில் விற்கக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஓபன்ஸ்டாக்ஸின் மூன்று தொகுதி யுனிவர்சிட்டி பிசிக்ஸ், பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி பை 4.0 உரிமத்தில் வருவது. வெட்டலாம், மாற்றலாம், கன்னடத்திலோ தமிழிலோ பெயர்க்கலாம், கடைக்காரர் ஸ்பைரல் போட்டு லாபத்துக்கே விற்கலாம். தலைப்பு, ஆசிரியர், மூல இணைப்பு, உரிமம், நீங்கள் மாற்றியிருப்பதாக ஒரு வரி, இவை இருக்க வேண்டும்.

சிக்கல் எம்ஐடியின் இலவசப் பாடத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேர் கணக்குகளில்தான். அது வணிகத்துக்குக் கூடாது, அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்ற வகை. பாடத்தோடு கலந்து எழுதினால் அந்தக் கட்டுப்பாடு முழு நோட்ஸுக்கும் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரரின் லாபம் அங்கே இடிக்கும். நானாக இருந்தால் கணக்குகளைத் தனித் தாளாக்கி, வகுப்பு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாகவே போட்டுவிடுவேன். எம்ஐடி தாள்களில் சில படங்களுக்குக் கீழே இந்த உரிமத்தில் அடங்காது என்று குறித்திருப்பார்கள். அவற்றை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். நான் அதைக் கவனிக்காமல் அச்சடித்துவிட்டு, ஒவ்வொரு பிரதியிலும் ஸ்டிக்கர் ஒட்டிய கூத்து உண்டு!

அடுத்த செமஸ்டரில் ஓபன்ஸ்டாக்ஸின் கால்குலஸை எடுப்பதாக இருந்தால், உரிமப் பக்கத்தை மறுபடி பாருங்கள். பெயர்தான் ஓபன்ஸ்டாக்ஸ், உரிமம் அந்த எம்ஐடி கணக்குகளைப் போல வணிகத்துக்குக் கூடாத வகை.