தேக்கிலையும் டீசல் சீட்டும்

நிலக்கரிச் சுரங்கங்களில் சுற்றுச்சூழல் ஆய்வு செய்து ஓய்வு பெற்றவர், வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நெய்வேலி. சுரங்கங்களை ஆய்வு செய்ய வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருவார்களாமே? அப்புறம் எதைக் கண்டுபிடிக்க முடியும்? - வாசகர், விருத்தாசலம்

பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போவோம். சுரங்கத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்திலுள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதிவேட்டையும் இடத்தையும் பார்க்க வேண்டும். பொறுப்பான ஆள் இல்லையென்றால் பாதி நாள் கேட்டிலேயே போய்விடும்.

நான் அதிகம் அலைந்தது வடக்கே நிலக்கரி வெட்டும் ஊர்களான சிங்ரௌலி (மத்தியப் பிரதேசம்), தால்சேர் (ஒடிசா), கோர்பா (சத்தீஸ்கர்) பக்கம். நாங்கள் போகிற அன்று மரங்களில் சுண்ணாம்பும் காவியும் ஈரம் காயாமல் இருக்கும். சிங்ரௌலிப் பக்கம் ஒரு சுரங்கத்தில், டம்பர் என்கிற ராட்சத லாரிகள் ஓடும் ரோட்டில் தண்ணீர் அடித்த அடியில் எங்கள் ஜீப்பே வழுக்கிக் குறுக்கே நின்றது. இறங்கி, ரோட்டோரத் தேக்கு மரத்தில் ஒரு இலையைக் கைக்குட்டையால் துடைத்தேன். தேக்கிலை சொரசொரப்பானது, ஒட்டிய தூசியை லேசில் விடாது. கைக்குட்டை அடுப்படித் துணி ஆகிவிட்டது. ஆபீஸ் பதிவேட்டிலோ, மூன்று ஷிஃப்டும் தினமும் தண்ணீர் தெளித்ததாக எழுதியிருந்தது. நான் புரட்டிய மூன்று மாதப் பதிவும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. நான் வாக்குவாதம் செய்யவில்லை. தண்ணீர் லாரிக்கு டீசல் போட்ட சீட்டுகளை மட்டும் கேட்டேன். பதினோரு நாளுக்குத்தான் இருந்தது. மேலாளர் எனக்கு இன்னொரு டீ சொன்னார்.

முன்கூட்டியே சொன்னாலும், வண்டல் குட்டையை மூன்று நாளில் சரிசெய்து மறைக்க முடியாது. தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் விழும் மழை, சுற்று வாய்க்கால் வழியாக இந்தக் குட்டைக்கு வந்து, சேறு படிந்த பிறகே ஓடைக்குப் போக வேண்டும். வெளியேறும் தண்ணீரில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வரைபடத்தில் மூன்று மீட்டர் ஆழம் என்று போட்டிருந்த ஒரு குட்டையில் மூங்கிலை விட்டுப் பார்த்தேன். முழங்கால் அளவுக்கு மேல் இறங்கவில்லை. வருடக்கணக்காகத் தூர் வாரவில்லை என்று அந்த மூங்கிலே சொல்லிவிட்டது.

மண்மேட்டின் சரிவு மொத்தத்தில் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பல அனுமதிக் கடிதங்களில் வரும் நிபந்தனை. சும்மா கொட்டினால் மண் 37 டிகிரி வாக்கில் நிற்கும். படிப்படியாக வெட்டினால்தான் 28 வரும், அதற்குக் காசு செலவாகும். மேட்டில் மரம் நட்டிருக்கிறோம் என்பார்கள். ஒரு கன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். கறுப்பு பிளாஸ்டிக் பையோடு மேலே வந்தது!

உங்கள் பக்கக் கதை வேறு. நெய்வேலியில் பெரும்பாலும் சுழலும் சக்கரத்தில் வாளிகள் வைத்துத் தோண்டும் சக்கர வாளி இயந்திரமும் கன்வேயரும்தான், லாரிப் புழுதி குறைவு. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. ராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்து மேலே வந்துவிடும். ஆகவே நிலத்தடி நீர்மட்ட அளவுகளைக் கேளுங்கள். சுரங்க அனுமதிகளில் பொதுவாக மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி என ஆண்டுக்கு நான்கு முறை அளக்கச் சொல்வார்கள்.

ஆய்வறிக்கை எழுதிய பிறகு என்னதான் நடக்கும்? யாராவது சுரங்கத்தை மூடியிருக்கிறார்களா? - வாசகர், சென்னை

மூடும் அதிகாரம் ஆய்வுக்குப் போகிறவர் கையில் இல்லை. அவர் எழுதுவார், நோட்டீஸ் போகும், பதில் வரும். 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 5-வது பிரிவில் மூட உத்தரவிடலாம், ஆனால் கடிதப் போக்குவரத்திலேயே காலம் ஓடிவிடும். நிர்வாகம் உண்மையில் பயப்படுவது விரிவாக்கம் கேட்கும்போதுதான். பழைய நிபந்தனைகளை நிறைவேற்றியதாகச் சான்றளித்த அறிக்கை இல்லாமல் அந்த ஃபைல் நகராது. நான்கு வருடமாகத் தூர் வாராத குட்டை நாலே வாரத்தில் சுத்தமானதை அப்படித்தான் பார்த்தேன்.

நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றுகிறோம் என்ற ஆறு மாத நிலவர அறிக்கையை நிறுவனம் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டும் என்று 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. அனுமதிக் கடிதம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'நிறைவேற்றப்படுகிறது', 'பின்பற்றப்படும்' என்று மட்டும் எழுதியிருக்கும் வரிகளில் கோடு போடுங்கள். அளவு, தேதி, இடம் இல்லாத பதில் என்னைப் பொறுத்தவரை பதிலே இல்லை.

அண்ணன் குடும்பம் தால்சேர் பக்கம் இருக்கிறது. மதியம் வெடி வைத்தால் வீடு அதிர்ந்து சுவரில் கீறல் விழுகிறதாம். என்ன செய்வது? - வாசகி, திண்டுக்கல்

அம்மா, முதலில் ஒரு பென்சில். கீறல் முடியும் இடத்தில் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்லுங்கள். கீறலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை சிமென்டால் ஒட்டலாம், சுவர் நகர்ந்தால் அது உடையும். வெடிச் சத்தம் கேட்ட நேரத்தையும் நாள்காட்டியில் குறிக்கட்டும்.

சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு அதிர்வு வரம்பு, அதிர்வெண்ணைப் பொறுத்து (விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதுதான் அதிர்வெண், ஹெர்ட்ஸில் சொல்வார்கள்), விநாடிக்கு 5 மில்லிமீட்டர், 10, 15 என்று மூன்று. அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் 5 தான். தாழ்ந்த அதிர்வெண்தான் வீட்டை அதிகம் ஆட்டும். அண்ணன் குறித்த தேதி, நேரத்தைச் சொல்லி, அன்றைய அதிர்வுப் பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கட்டும். 'வீடு ஆடுகிறது' என்று மட்டும் எழுதினால் 'வரம்புக்குள் உள்ளது' என்று ஒரு வரிப் பதில் வரும். தேதியோடு கேட்டால் பதிவை எடுத்துக் காட்டியாக வேண்டும்.

ஆய்வுக்குப் போனால் விருந்து பலமாக இருக்குமாமே? - வாசகர், தேனி

இருக்கும். கெஸ்ட் ஹவுஸ் சாப்பாடு மூன்று மணி வரை நீளும். அப்புறம் குளிர்காலத்தில் மண்மேட்டு உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் போய்விடும். இரண்டு தடவை அப்படி ஏமாந்தேன். அதற்குப் பிறகு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய் மேட்டின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். கூட வந்த அதிகாரிகளுக்கும் பசி, பாவம். ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தேன்.