கோல் யாரை அடிக்க?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு ஜெபக்குழு கூடுகிறது, மொத்தம் 12 பேர். போதகர் என்னைத் தலைவராக வைத்து, "நல்ல மேய்ப்பனாக இருங்கள்" என்றார். நான் ஆட்டைக் கறிக்குழம்பில்தான் பார்த்திருக்கிறேன்! இரண்டு பேர் இரண்டு மாதமாக வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கண்டித்து எழுதினேன். ஒருவர் குழுவைவிட்டே போய்விட்டார். 23ஆம் சங்கீதத்தில் மேய்ப்பனிடம் கோல் இருக்கிறதே, கண்டிக்கக் கூடாதா?

பதில்: கோல் இருக்கிறது, சரி. ஆனால் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்கிறார் தாவீது. அடி வாங்கிய ஆடு அப்படிப் பாடாது. சவுல் ராஜாவிடம் அவர் தன் மேய்ச்சல் அனுபவத்தைச் சொல்வதைப் பாருங்கள் (1 சாமுவேல் 17). சிங்கமும் கரடியும் வந்தபோது அவற்றைத்தான் அடித்திருக்கிறார்.

கோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. லேவியராகமம் 27:32இல் ஆடுகள் கோலின்கீழ் ஒவ்வொன்றாகக் கடந்துபோகின்றன. எண்ணுவதற்காக. எண்ணினால்தானே ஒன்று குறைவது தெரியும்? நூறில் ஒன்று காணோம் என்று லூக்கா 15இல் அந்த மேய்ப்பனுக்குத் தெரிந்ததும் அப்படித்தான். உங்களுக்கும் இரண்டு மாதக் கணக்கு தெரிந்திருக்கிறது. அதுவரை நல்ல மேய்ப்பன்தான் நீங்கள். அதற்கப்புறம் செய்ததுதான் பிசகு. காணாமல்போன ஆட்டைத் தேடிப் போகாமல், தொழுவத்தில் நின்றுகொண்டு அதைத் திட்டியிருக்கிறீர்கள், அதுவும் மற்ற ஆடுகளுக்குக் கேட்கும்படி.

எசேக்கியேல் 34இல் கடவுள் இஸ்ரவேலின் மேய்ப்பர்கள்மேல் வைக்கும் குற்றச்சாட்டும் இதுதான். அங்கே மேய்ப்பர்கள் என்பது ஆட்சியாளர்களை. அந்தக் காலத்து ராஜாக்களுக்கு இது பழகிய பட்டம். பாபிலோனின் ஹமுராபிகூடத் தன்னை மேய்ப்பன் என்றே சொல்லிக்கொண்டான். நோயுற்றதைக் குணமாக்கவில்லை, முறிந்ததற்குக் கட்டுப்போடவில்லை, காணாமல்போனதைத் தேடவில்லை, ஆனால் அதிகாரம் மட்டும் பலவந்தமாகச் செலுத்தினீர்கள் என்கிறார் கடவுள்.

கண்டிக்கவே கூடாதா என்றால், அப்படி இல்லை. குழுவில் யாராவது மற்றவர்களிடம் பணம் பிடுங்கினால் தயங்காமல் கோலை எடுங்கள். வராமல் இருப்பது அந்த வகைக் குற்றமில்லை.

எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் ஆதியாகமம் 33. யாக்கோபின் அண்ணன் ஏசா 400 ஆட்களோடு வந்திருக்கிறான், சேர்ந்து போவோம் என்கிறான். யாக்கோபு மறுத்துவிடுகிறான்: பால் கொடுக்கும் ஆடுகள் இருக்கின்றன, ஒரு நாள் வேகமாக ஓட்டினாலும் மந்தையெல்லாம் செத்துப்போகும், பிள்ளைகளும் இருக்கிறார்கள், நான் அவற்றின் நடைக்கு ஏற்ப மெதுவாக வருகிறேன் என்கிறான். (அண்ணனிடம் இருந்த பயமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம், ஆனாலும் இருபது வருடம் ஆடு மேய்த்தவன் பேச்சு அது.) உங்கள் 12 பேரில் கைக்குழந்தைக்காரர் யார், ஷிப்ட் வேலைக்காரர் யார்? துவாஸில் வேலை முடிந்து உட்லண்ட்ஸ் வந்து சேர வேண்டியவருக்கு எட்டு மணிக் கூட்டம் என்பது ஓட்டம்தான். மாதம் ஒரு தடவையாவது ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வைத்துப் பாருங்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிட்டு, எல்லாருக்கும் தெரிய எழுதியதற்கு அதே குழுவிலேயே வருத்தம் தெரிவியுங்கள். வெளியேறியவருக்குத் தனியாகப் போன் போடுங்கள். ஏன் வரவில்லை என்று ஆரம்பிக்காதீர்கள், சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள். நைட் ஷிப்ட்காரர் என்றால் மாலை நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் தூங்கிக்கொண்டிருப்பார்.