தோட்டத்து மண் அணை: கேள்வி பதில்

ஓடைக்குக் குறுக்கே சொந்த நிலத்தில் எழுப்பிய, 3 முதல் 8 மீட்டர் உயரமுள்ள மண் கரைகளைப் பற்றித் தோட்டக்காரர்கள் கேட்டவையும் பதில்களும்.

கேள்வி: கரையின் வெளிப்பக்க அடியில் எப்போதும் ஈரம், கோரை முளைத்துக் கிடக்கிறது. நாலு வருஷமாக இப்படித்தான். பயப்பட வேண்டுமா ஐயா?

பதில்: கசியாத மண் கரை கிடையாது. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: கசிவு கூடுகிறதா, மண்ணை அரித்துக்கொண்டு வருகிறதா.

ஈரத்துக்குக் கீழே சிறு வாய்க்கால் வெட்டி, குறுக்கே களிமண் அடைத்து, கசிவு முழுவதும் ஒரே குழாய் வழியாக விழும்படி செய்யுங்கள். 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். கூடவே அன்றைய நீர்மட்டமும் மழையும். 50 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 0.2 லிட்டர். தண்ணீர் ஏற ஏறக் கசிவும் ஏறுவது இயல்பு. நீர்மட்டம் மாறாமல் இருந்து, போன மாதம் 50 நொடி ஆனது இந்த மாதம் 30 நொடியில் நிரம்பினால் உள்ளே வழி அகலமாகிறது, உடனே நீர்மட்டத்தை இறக்க வேண்டும். கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தாலும் அதே முடிவுதான்.

தெளிவாக, அளவு மாறாமல் கசிந்தால் அதை வடிகட்டி வெளியே விடலாம். கசியும் இடத்தைக் களிமண் போட்டு அடைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி, சரிவின் மேல்பக்கம் இன்னொரு இடத்தில் பீறிடும். கசியும் பரப்பில் 30 செ.மீ. கழுவிய மணல், அதன் மேல் 30 செ.மீ. 6–12 மி.மீ. சல்லி, அதற்கு மேல் பெரிய கல் போடுங்கள். கரை மண்ணைத் தொடுவது மணலாகத்தான் இருக்க வேண்டும். மண்ணின் மேல் நேரடியாக ஜல்லி கொட்டினால், அதன் இடுக்குகள் வழியாகவே கரை கரைந்து போகும். எம்-சாண்ட் என்றால் தூசி நீங்கக் கழுவியது மட்டும்.

கேள்வி: கரையடியில் மணல் கொப்பளித்து, சுற்றிலும் சிறு மேடாகக் குவிகிறது. மழை நேரம் வேறு. என்ன செய்வது?

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். கரையின் அடியில் ஒரு குழாய்ப்பாதை உருவாகிக்கொண்டிருக்கிறது. அது குளத்தின் பக்கம் போய்த் திறந்துகொண்டால் அணை உடைய சில மணி நேரம் போதும்.

முதலில் ஓடைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குச் சொல்லுங்கள், வேலையாட்கள் கொட்டகையையும் சேர்த்து. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. பிறகு ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் தேங்கவிடுங்கள். தேங்கும் நீரின் எடை எதிர் அழுத்தம் கொடுக்கும். மண் வருவது நின்று தெளிந்த நீர் மட்டும் வரும் உயரத்தோடு நிறுத்திக்கொண்டு, வளையத்தின் மேல் வழிய ஒரு வழி விடுங்கள். ஊற்றையே அடைத்தால் வேறிடத்தில் கிளம்பும்.

கூடவே நீர்மட்டத்தை இறக்க வேண்டும். மதகு போதாவிட்டால் 110 மி.மீ. பிவிசி குழாயைக் கரை மேல் போட்டு சைஃபன் எடுக்கலாம். 3 மீட்டர் இறக்கமும் 20 மீட்டர் நீளமும் இருந்தால் நொடிக்கு 20 லிட்டருக்கு மேல் வரும். மெல்லிய குழாய் உள்ளிழுப்பில் நசுங்கிவிடும், 6 கிலோ அழுத்தக் குழாயே வாங்குங்கள். கரையை நடுவில் வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கரையை விட்டு விலகி, ஓரத்து இயற்கைக் கெட்டித் தரையில் வெட்டுங்கள்.

கேள்வி: கலிங்கு (உபரி நீர் வழிந்தோடும் இடம்) எவ்வளவு அகலம் வேண்டும்? மேஸ்திரி 2 மீட்டர் போதும் என்கிறார்.

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் ஓடைக்குத் தண்ணீர் தரும் பரப்பு 40 ஹெக்டேர் (சுமார் 100 ஏக்கர்) என்று வைப்போம். கன மழை மணிக்கு 100 மி.மீ., அதில் ஓடிவரும் பங்கு 0.4. மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு 4.4 கன மீட்டர். கலிங்கின் மேல் அரை மீட்டர் ஆழம் ஓடினால், ஒரு மீட்டர் அகலத்துக்கு 1.7 × 0.5-இன் ஒன்றரை அடுக்கு, அதாவது 0.6 கன மீட்டர் போகும். ஆக ஏழரை மீட்டர் வேண்டும். பாறைச் சரிவு, தேயிலைத் தோட்டச் சாலை, கான்கிரீட் தளம் அதிகமென்றால் 0.4 என்பது 0.7 ஆகும், அகலமும் 13 மீட்டரைத் தொடும். கீழே வீடுகள் இருந்தால் இந்தக் கணக்கோடு நிறுத்தாமல் பொறியாளரிடம் வெள்ளக் கணக்கு வாங்குங்கள்.

கலிங்கு மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் குறைந்தது 1 மீட்டர் இடைவெளி வையுங்கள். உச்சியில் நடுப்பகுதி காலப்போக்கில் அமுங்கும். டியூப் மட்டம் வைத்து வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். பள்ளமான இடத்தில்தான் தண்ணீர் முதலில் ஏறி வழியும், வழிந்த மண் கரை நிற்காது.

கேள்வி: கோடைக்குக் கூடுதல் தண்ணீர் நிறுத்த, கலிங்கில் மூட்டை அடுக்கலாமா? மீன் போகாமல் வலையும் கட்டியிருக்கிறோம்.

பதில்: இரண்டையும் இன்றே எடுத்துவிடுங்கள். வலையில் சருகும் தெர்மாகோலும் சேர்ந்தால் ஒரே இரவில் சுவராகிவிடும். 2006 மார்ச் 14 அன்று ஹவாயின் கவாய் தீவில் கா லோக்கோ என்ற தனியார் மண் அணை உடைந்து 7 பேர் இறந்தார்கள். அதன் கலிங்கு மண் போட்டு மூடப்பட்டிருந்ததா என்பதே விசாரணையில் பெரிய கேள்வியானது. மீன் தப்புவது கவலையென்றால், கலிங்குக்கு வெகு முன்னால், குளத்துக்குள் அகலக் கண்ணுள்ள சாய்வுத் தடுப்பு வைத்து, மழைக்காலத்தில் தினமும் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: கரை மேல் வேம்பும் சீமைக்கருவேலமும் பெரிதாகிவிட்டன. வேர் மண்ணைப் பிடித்து வைக்குமே, இருக்கட்டுமா?

பதில்: புல்தான் கரையைக் காக்கும். மரத்தின் வேர் பட்டுப்போனால் அந்த இடம் குழாயாகிவிடும். காற்றில் சாய்ந்தால் கரையில் ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு விழும். கட்டைவிரல் தடிமனுக்குள் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். பெரிய மரத்தைக் குளம் நிறைந்திருக்கும்போது தொட வேண்டாம். கோடையில் வெட்டி, தூரையும் முக்கிய வேர்களையும் தோண்டி எடுத்து, குழியின் ஓரங்களைச் சாய்வாக்கி, 15 செ.மீ. அடுக்குகளாக ஈரமண் போட்டுத் திமிசு அடியுங்கள். வெட்டியதோடு விட்டுவிட்டால் சில வருடங்களில் மக்கிய வேர் வழியே கசிவு வரும்.

கேள்வி: நண்டு வளையால் அணை உடையுமா?

பதில்: 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே மண் அணை உடைந்தபோது நண்டுகள்தான் காரணம் என்று ஓர் அமைச்சரே சொன்னார். ஊர்க்காரர்களோ கசிவைப் பற்றி முன்பே முறையிட்டதாகச் சொன்னார்கள். வளைகளை, குறிப்பாகப் பெருச்சாளி வளைகளை, தோண்டி அடைக்கத்தான் வேண்டும். ஆனால் பராமரிக்காத கரையின் குற்றத்தை நண்டின் மேல் போடுவது நியாயமில்லை.

கேள்வி: கரிசல் மண் கரை. கோடையில் உச்சியில் பிளவுகள் விடுகின்றன.

பதில்: நீளவாக்கில் ஓடும் பிளவு பெரும்பாலும் மண் காய்வதால் வருவது. ஆனால் அதன் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தால் சரிவு நழுவத் தொடங்கியிருக்கிறது. குறுக்காக, குளத்திலிருந்து வெளிப்பக்கம் வரை ஓடும் பிளவுதான் ஆபத்தானது, தண்ணீர் ஏறியதும் நேராக உள்ளே புகும். சுண்ணாம்பு கரைத்த நீரை ஊற்றிவிட்டுத் தோண்டினால் வெள்ளைக் கோடு எங்கே முடிகிறதோ அதுவே ஆழம். அதற்கும் 30 செ.மீ. கீழே வரை தோண்டி, அடுக்கடுக்காக ஈரமண் இட்டு இறுக்குங்கள். மேலே 20 செ.மீ. கிராவல் மூடி போட்டால் அடுத்த கோடையில் பிளவு குறையும்.

கேள்வி: தூர் வார ஒரே நாளில் தண்ணீரைத் திறந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். உள்சரிவு மண் ஊறியிருக்கும், எதிரே தாங்கிய நீர் திடீரென்று போனால் சரிந்து விழும். நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். கரையடியிலிருந்து 10 மீட்டருக்குள் வண்டல் அள்ளவும் வேண்டாம்.

கேள்வி: சின்ன அணைக்குச் சட்டம் ஏதும் உண்டா?

பதில்: 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும், 10–15 மீட்டரில் சில நிபந்தனைக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே பிடிக்கிறது. அதனால் உங்கள் பொறுப்பு போய்விடாது. கார்வேட்டிநகர ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்ட வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1874-இல் ஜமீனை விடுவித்தது. அவை பழைய பாசன ஏரிகள், அவற்றைப் பராமரிப்பது ஜமீனின் கடமை, அலட்சியம் ஏதும் காட்டப்படவில்லை என்பதால். இன்று சொந்த லாபத்துக்காகக் கட்டிய அணைக்கு அந்த நிழல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஓடைப் புறம்போக்கில் அனுமதியின்றிக் கட்டுவது தனிக் குற்றம்.

கேள்வி: ஜேசிபி வைத்து உச்சியில் ஒரு மீட்டர் மண் ஏற்றினால் போதுமா, அண்ணா?

பதில்: போதாது. உள்சரிவு 3-க்கு 1, வெளிச்சரிவு 2-க்கு 1, உச்சி 3 மீட்டர் என்றால் 4 மீட்டர் கரைக்கு அடி அகலம் 23 மீட்டர், 5 மீட்டர் கரைக்கு 28. கூடுதலாகும் அந்த 5 மீட்டர் அகலத்தை வெளிப்பக்கம் அடியிலிருந்தே சேர்க்க வேண்டும். பழைய சரிவில் புல்லைச் செதுக்கி, 30 செ.மீ. படிகளாக வெட்டி, 15–20 செ.மீ. அடுக்குகளாக மண்ணிட்டு ஆட்டுக்கால் ரோலர் (குமிழ்கள் புடைத்த உருளை) ஓட்டுங்கள். ஜேசிபி சக்கரம் ஓடுவது இறுக்கம் ஆகாது. பழைய கரையடியில் கசிவு இருந்தால், புது மண் மூடுவதற்கு முன் மணல் வடிகட்டி போட்டு, அதன் குழாயை வெளியே நீட்டிவிடுங்கள்.